கயல்விழி தேடிய பாட்டில்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் இருக்கிறது அந்தத் துப்பறியும் அலுவலகம். செங்குத்தான படி என்பதால் ஏறி வருகிறவர்கள் முதலில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பார்கள். அன்று காலை வந்த பெண் உட்காரவும் இல்லை, தண்ணீர் கேட்கவும் இல்லை. கையிலிருந்த கட்டைப்பையை அப்படியே மேசைமேல் கவிழ்த்தாள். பாட்டில்கள் உருண்டன. இருமல் மருந்து, அரிஷ்டம், சானிடைசர், ஷேவிங் லோஷன், பன்னீர், பெயர் கிழிந்துபோன ஒரு டானிக். விளிம்பைத் தாண்டி விழப்போன ஒன்றை அன்பரசு பாய்ந்து பிடித்தார்.

“எங்க வூட்டுக்காரரு குடிக்கறாரு. எதுலேருந்து குடிக்கறாருன்னுதான் தெரியல. வூட்டுல இருந்த பாட்டில் அத்தனையும் அள்ளிக்கிட்டு வந்துட்டேன். எந்த பாட்டில்னு நீங்க சொல்லிட்டா போதும் மேடம், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்.”

மேசைக்குப் பின்னால் இருந்த சௌந்தரம் எந்தப் பதற்றமும் இல்லாமல் ஒவ்வொரு பாட்டிலாக எடுத்து நிமிர்த்தி வைத்தார். நாற்பதைத் தாண்டியவர். இந்தத் தொழிலுக்கு வருவதற்கு முன் தடய அறிவியல் ஆய்வகத்தில், விஷம் குடித்தோ கொடுக்கப்பட்டோ இறந்தவர்களின் இரைப்பையையும் குடலையும் சோதிக்கும் பிரிவில் வேலை பார்த்தவர். அன்பரசு அவரைவிட மூத்தவர், விருப்ப ஓய்வு வாங்கிய ஏட்டு. துப்பறியும் வேலையில் சேர்ந்து ஒரு வருஷம்தான் ஆகிறது என்றாலும், ஆர்வத்தில் யாரும் அவரை மிஞ்ச முடியாது. அதிலும் குடிகாரர்கள் விஷயம் என்றால் தனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது அவருடைய எண்ணம்.

“உக்காரும்மா. பேரு?”

“கயல்விழி. அவரு பேரு இளவரசு. சிப்காட்டுல ஒரு கெமிக்கல் கம்பெனில பாய்லர் ஆபரேட்டர்.”

அன்பரசு மூடிகளைத் திறந்து முகர ஆரம்பித்திருந்தார். அரிஷ்ட பாட்டிலை மூக்கருகே கொண்டுபோனதும் அவர் முகம் மலர்ந்தது. “மேடம், அரிஷ்டத்துல சாராயச் சத்து இருக்கும். புளிக்க வெச்சுத்தானே தயார் பண்றாங்க!”

சௌந்தரம் அதை வாங்கிப் பார்த்தார். மூடியைச் சுற்றிக் காய்ந்த பாகில் தூசி படிந்து கல்லாகியிருந்தது. அன்பரசு இப்போது பலத்தைக் காட்டித் திறந்ததில்தான் அது உடைந்திருந்தது. “இதை அவரு எப்ப நிறுத்தினாரும்மா?”

“சித்திரையிலயே. செரிமானம் சரியில்லன்னு என் தம்பி தமிழ்மணி வாங்கிக் குடுத்தான். கசக்குதுன்னு விட்டுட்டாரு.”

“குடிச்சிருக்காருன்னு மொதல்ல தெரிஞ்சது எப்ப?”

“வைகாசி கடைசில. கம்பெனி கேட்டுல மாட்டிக்கிட்டாரு.”

சௌந்தரம் பாட்டிலை மூடி வைத்தார். அன்பரசுவின் முகம் கொஞ்சம் வாடியது.

கயல்விழி சொன்னது இதுதான். அந்தத் தொழிற்சாலையில் பாய்லர் பக்கம் வேலை செய்கிறவர்களை வாசலில் நிறுத்தி ஒரு கருவியில் ஊதச் சொல்வார்கள். குடித்திருந்தால் உள்ளே விடமாட்டார்கள். வைகாசி கடைசியில், மதிய ஷிப்டுக்குப் போன இளவரசு அதில் மாட்டினான். கயல்விழி அன்றே மகளைக் கூட்டிக்கொண்டு சிதம்பரத்தில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள்.

“அதுக்கப்புறம் அந்த வாரம் முழுக்க மதிய ஷிப்டுதான். சேஃப்டி ஆபீசரு தினமும் அவரை நிறுத்தி ஊதச் சொல்லியிருக்காரு. ஒண்ணுமே காட்டல. அடுத்த வாரம் காலை ஷிப்டு, அதுலயும் சுத்தம். திருந்திட்டாருன்னு நெனைச்சு நான் திரும்பி வந்தேன். மறு வாரம் மதிய ஷிப்டுக்கு மொத நாள் போறாரு, திரும்ப மாட்டிக்கிட்டாரு. இப்ப சஸ்பெண்டு. விசாரணை வெச்சிருக்காங்க, அதோட வேலையும் போயிடும்.”

“நீங்க இல்லாதப்ப குடிக்கல. நீங்க வந்ததும் குடிக்கறாரு,” என்றார் சௌந்தரம்.

“அதான் மேடம் எனக்கு வயித்தெரிச்சல்! எங்க அப்பா குடிச்சே செத்தாரு. அந்த வாடை எனக்கு சாகற வரைக்கும் மறக்காது. சாயங்காலமா இவரு கிட்ட வந்தா அதே வாடை, அதே சொருகின கண்ணு. கேட்டா தொடவே இல்லங்கறாரு. எங்க பாப்பா தலைமேல கைவெச்சு சத்தியம் பண்றாரு. குடிச்சதைக்கூட மன்னிச்சுடுவேன். பிள்ளை தலைல அடிச்ச பொய்ச் சத்தியத்தை எப்படி மன்னிக்கறது?”

அதுவரை கல்லாக இருந்த அவள் முகம் அப்போதுதான் கலங்கியது. சௌந்தரம் ஒரு கேள்வி கேட்டார்.

“நீங்க திரும்பி வந்தப்புறம், அந்த ரெண்டாவது தடவை மாட்டின அன்னைக்கு, வீட்டுல என்ன சமைச்சீங்க?”

அன்பரசு நிமிர்ந்து பார்த்தார். கயல்விழிக்கும் இது எதற்கென்று புரியவில்லை. “காலைல வெண்பொங்கல். அவருக்குப் பிடிக்கும்னு சக்கரைப் பொங்கலும் வெச்சேன். வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி சோறு, வத்தக்குழம்பு, உருளைக்கிழங்கு, பாயசம். பாவம், எளைச்சுப் போயிருந்தாரேன்னு…” அவள் நிறுத்திக்கொண்டாள். “அதையெல்லாம் தின்னுட்டுப் போயிதான் குடிச்சிருக்காரு.”

அவள் படியிறங்கிப் போன பிறகு அன்பரசு தன் முடிவைச் சொன்னார். “இது பொண்டாட்டி மேல இருக்கற கோபம் மேடம். அவுங்க கண்ணு முன்னாடி குடிக்கணும்னு வீம்பு. நான் எத்தனை கேசு பாத்திருக்கேன்.”

“வீம்புக்குக் குடிக்கறவன் ஒளிச்சுக் குடிக்க மாட்டானே அண்ணே. காட்டிக்கிட்டுக் குடிப்பான்.”

அன்பரசு யோசித்துப் பார்த்தார்.

மறுநாள் இருவரும் முதுநகரில் இருந்த இளவரசுவின் வீட்டுக்குப் போனார்கள். கயல்விழி மகளோடு மறுபடி தம்பி வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். லுங்கியும் பனியனுமாகக் கதவைத் திறந்தவன் ஒரு காலை லேசாக இழுத்து நடந்தான். கண்ணுக்குக் கீழே கருவளையம். இன்னார் என்று தெரிந்ததும் கோபப்படுவான் என்று அன்பரசு எதிர்பார்த்தார். அவன் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டான்.

“நல்லா தேடுங்க சார். எனக்கும் தெரிஞ்சாகணும்.”

அன்பரசு ஒரு மூலை விடவில்லை. கழிவறைத் தொட்டி, அரிசி டிரம், ஸ்கூட்டர் சீட்டுக்கு அடி, சன்ஷேடு, துவைக்கிற கல்லுக்குப் பின்னால் எல்லாம் பார்த்தார். கிடைத்தது கடலை மிட்டாய்க் காகிதங்கள்தான், அதுவும் ஏராளமாக. சௌந்தரம் வாங்கி வந்திருந்த ஊதும் கருவியை நீட்டினார்கள். இளவரசு ஊதினான். சுழியம்.

“காலைல என்ன சாப்ட்டீங்க?”

“ரெண்டு நாளா எதுவும் எறங்கல மேடம். வெறும் மோருதான்.”

“உங்க மனைவி மொத தடவை தம்பி வீட்டுக்குப் போயிருந்தாங்களே, அந்த வாரம்?”

“அப்பவும் அப்படித்தான். சோறே வடிக்கல. முட்டைய அவிச்சுத் தின்னுட்டு மோரைக் குடிச்சுட்டுக் கெடந்தேன். ஓட்டல்ல போயி உக்கார வெக்கமா இருந்துச்சு. விஷயம் ஊரு பூரா தெரிஞ்சிருந்துச்சு.”

“காலை ஷிப்டுக்குப் போறப்ப?”

“விடியக்காலைல யாரு சமைக்கறது? வெறும் வயித்துலதான் போவேன். ராத்திரியும் அதுக்காகவே சீக்கிரம் ரெண்டு தோசையோட படுத்துடுவேன். மதிய ஷிப்டுன்னா ஒரு பிடி பிடிச்சுட்டுக் கிளம்புவேன்.”

சௌந்தரத்தின் பார்வை அவன் பாதத்தில் இருந்த நீளமான தழும்பின்மேல் நின்றது. “இது என்ன?”

“மாசில ஒரு இரும்பு பைப்பு காலுல விழுந்துச்சு. சீழ் வெச்சு, எலும்பு வரைக்கும் போயிடுச்சு. காலையே எடுக்கணுமோன்னு டாக்டருங்க பயந்தாங்க. மாசக்கணக்கா ஆன்டிபயாடிக்கு. ஊசி ஒரு பக்கம், மாத்திரை ஒரு பக்கம். அதுதான் காலைக் காப்பாத்துச்சு.”

“வயிறு எப்பலேருந்து சரியில்ல?”

“அதுக்கப்புறம்தான். சாப்ட்டா வயிறு பொங்குது மேடம்.”

“உப்புதுன்னு சொல்றீங்களா?”

“இல்ல. உப்பறது எனக்குத் தெரியும். இது பொங்குது. அரைச்சு வெச்ச மாவு பொங்கற மாதிரி. உள்ளுக்குள்ள குமிழி குமிழியா… எப்படிச் சொல்றதுன்னு தெரியல. அப்புறம் புளிச்ச ஏப்பம், தூக்கம். இனிப்பு வேற ஜாஸ்தி கேக்குது.”

சௌந்தரம் அந்த வார்த்தையைத் தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டதை அன்பரசு கவனித்தார். ஆனால் அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

வாசல் வரை வந்த இளவரசு தயங்கி நின்றான். “மேடம், ஒண்ணு கேக்கணும். ஒருத்தன் குடிச்சுட்டு, குடிச்சதையே மறந்துட முடியுமா? மிஷினு பொய் சொல்லாது. அவளும் பொய் சொல்ல மாட்டா. அப்ப நான்தான் எனக்கே தெரியாம எங்கயாவது போயிக் குடிச்சுட்டு வர்றேனா? எனக்கு மூளை கீளை போயிடுச்சா? ராத்திரி தூக்கம் வரல, இதே நெனைப்புதான்.”

அன்பரசு எத்தனையோ குடிகாரர்கள் சத்தியம் செய்து கேட்டிருக்கிறார். தன்னையே சந்தேகப்படுகிற ஒருவனை அன்றுதான் பார்த்தார்.

சிப்காட் சாலையில் ஒரு டீக்கடையில் மணவாளன் அவர்களுக்காகக் காத்திருந்தான். இளவரசுவோடு ஒரே ஷிப்டில் வேலை செய்கிறவன். இளவரசு போனால் அந்த இடம் இவனுக்கு என்று தொழிற்சாலையில் பேச்சு. தினமும் வீட்டிலிருந்து பிளாஸ்கில் டீ கொண்டுவந்து பங்கு போடுகிறவனும் இவன்தான். அன்பரசுவுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்?

“டீயில என்னத்தைக் கலந்த?” என்று எடுத்த எடுப்பில் கேட்டார்.

மணவாளன் பதறவில்லை, சலித்துக்கொண்டான். “சார், அந்த பிளாஸ்குல நாலு பேரு குடிக்கறோம். அதுவும் உள்ள போனப்புறம்தான். அவன் மாட்டினது வாசல்லயே. எனக்கு அந்த போஸ்டு மேல ஆசை இருந்துச்சு, இல்லன்னு சொல்லல. அதுக்காக இப்படியா? அவனே எங்கிட்ட வந்து, மச்சான், என்னைக் கொஞ்சம் கண்ணு வெச்சுப் பாத்துக்கோ, நான் எங்க போறேன் என்ன பண்றேன்னு எனக்கே சந்தேகமா இருக்குன்னான். பாத்தேன். பாத்ரூம் வாசல் வரைக்கும் பின்னாடியே போயி நின்னேன்.”

“என்ன பாத்தீங்க?” சௌந்தரம் கேட்டார்.

“அதான் மேடம் புரியல. ஒரு சொட்டு தொடல. ஆனா கேன்டீன்ல நல்லா சாப்ட்டுட்டு வந்தான்னா, கொஞ்ச நேரங்கழிச்சு ஆட்டம் குடுக்க ஆரம்பிச்சுடறான். வால்வு பக்கம் அவனை விடாம நானே பாத்துக்கிட்டேன். வெளிய சொன்னா அவன் வேலை போயிடும்னு சொல்லல.”

அங்கிருந்து சிதம்பரம் பஸ். கீழவீதிக்குப் பக்கத்தில் தமிழ்மணி ஒரு மெஸ் வைத்திருந்தான். அவனிடம் பேச ஆரம்பித்ததுமே அன்பரசுவின் மூக்கு விடைத்தது. “தம்பி, நேத்து ராத்திரி போட்டிருக்க, இல்ல?”

“போட்டேன் சார், ஒத்துக்கறேன். லீவு நாளுக்கு முன்னாடி போடுவேன். ஆனா மாமாவை இதுல இழுக்காதீங்க. ஒரு தடவை வாங்க மாமான்னு கூப்ட்டதுக்கே என்னை அடிக்காத குறையா திட்டினாரு. எங்க அப்பாவால அக்கா பட்டது அவருக்குத் தெரியும். அதனாலயே தொடமாட்டாரு. அக்காவுக்கு அது புரியல.” தட்டுகளை அடுக்கியபடி அவன் தொடர்ந்தான். “வயிறு சரியில்லன்னாரேன்னு அரிஷ்டம் வாங்கிக் குடுத்ததும் நான்தான். அதுலேருந்து வந்த வினையோன்னு பயந்துக்கிட்டு இருக்கேன்.”

திரும்பும் வழியில் சௌந்தரம் ஜன்னலோரம் உட்கார்ந்து யாரிடமோ நீண்ட நேரம் போனில் பேசினார். காதில் விழுந்தது “கனிமொழி”, “ஈஸ்ட்”, “ஞாயித்துக்கிழமை” என்ற மூன்று சொற்கள்தான். பஸ் கடலூரை நெருங்கும்போது அன்பரசுவுக்குப் பொறுமை போய்விட்டது.

“யாரு மேடம்? மணவாளனா, தமிழ்மணியா?”

“ரெண்டு பேரையும் ஞாயித்துக்கிழமை சிதம்பரத்துல கனிமொழி ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லுங்க. கம்பெனி சேஃப்டி ஆபீசரு செந்தமிழ்செல்வன், அவரோட மிஷினோட வரணும். கயல்விழியும் இருக்கணும். இளவரசுவைக் காலைல நீங்களே போயிக் கூட்டிட்டு வாங்க. வெறும் வயித்தோட வரணும். ஒரு நிமிஷம்கூட அவரை விட்டு அகலக் கூடாது.”

“நீங்க என்னை ஏதோ சோதிக்கற மாதிரி இருக்கு.”

“உங்களை இல்ல அண்ணே. உங்க கண்ணை சாட்சியா வெச்சுக்கறேன். நீங்க லேசுல நம்பற ஆளு இல்லையே.”

டாக்டர் கனிமொழி வயிறு, குடல் சம்பந்தப்பட்ட நோய்களுக்கான மருத்துவர். சௌந்தரத்தோடு படித்தவர். அவருடைய சிறிய மருத்துவமனையின் மாடி அறையில் ஞாயிறு காலை எல்லோரும் கூடினார்கள். இளவரசுவைக் கடலூரிலிருந்து கூட்டிவந்த அன்பரசு, அங்கேயே அவனைக் குளிக்க வைத்து, மருத்துவமனை உடையை உடுத்தச் செய்து, வாயைக் கொப்பளிக்க வைத்து, பல்லிடுக்கைக்கூட டார்ச் அடித்துப் பார்த்திருந்தார். கயல்விழி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

செந்தமிழ்செல்வன் தொழிற்சாலையிலிருந்து கொண்டுவந்த கருவியை எடுத்தார். நேர்மையான, கறாரான மனிதர். “மேடம், எனக்கு அவர் மேல தனிப்பட்ட கோபம் எதுவும் இல்ல. பாய்லர் வெடிச்சா போறது நூறு உயிரு. அதனாலதான் கண்டிப்பா இருக்கேன்.”

“இருக்கத்தான் வேணும் சார். ஊதச் சொல்லுங்க.”

எல்லோரும் ஊதினார்கள். எல்லோருக்கும் சுழியம். டாக்டர் இளவரசுவின் கையிலிருந்து கொஞ்சம் ரத்தமும் எடுத்துக்கொண்டார்.

பிறகு தமிழ்மணியின் மெஸ்ஸிலிருந்து வந்த பொங்கல், வடை, கேசரி பரிமாறப்பட்டது. ஒரே பாத்திரத்திலிருந்து எல்லோருக்கும். இலைகள் போட்டு முடிந்ததும் சௌந்தரம் திடீரென்று, “அன்பரசு அண்ணே, நீங்க இளவரசு இலைக்கு மாறிக்குங்க. அவரு உங்க இலையில சாப்பிடட்டும்,” என்றார். தமிழ்மணி விழித்தான். மாற்றிக்கொண்டார்கள். மதியம் சோறும் சாம்பாரும் உருளைக்கிழங்கும் பாயசமும் வந்தபோதும் இப்படியே கடைசி நேரத்தில் இலை மாறியது, இந்த முறை செந்தமிழ்செல்வனோடு. தண்ணீரை சௌந்தரமே தன் கையால் ஊற்றினார்.

சாப்பிட்டுவிட்டு எல்லோரும் அதே அறையில் காத்திருந்தார்கள். மின்விசிறி சுற்றியது. தமிழ்மணி தலை சாய்ந்து தூங்கிப்போனான். அன்பரசு மட்டும் இளவரசுவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, அவன் கைகளையும் வாயையும் விட்டுப் பார்வையை எடுக்காமல் இருந்தார். அதனால் மாற்றத்தை முதலில் பார்த்ததும் அவர்தான். இளவரசுவின் கன்னம் சிவந்தது. இமைகள் கனத்தன. வயிற்றை ஒரு கையால் தடவிக்கொண்டு, “சார், ஆரம்பிச்சுடுச்சு,” என்றான். ‘ஆரம்பிச்சு’ என்பதில் நாக்கு கொஞ்சம் புரண்டது.

அன்பரசு முகத்தை அவன் அருகே கொண்டுபோனார். அவருக்குத் தெரிந்த வாடை அது. ஆயிரம் பேரிடம் முகர்ந்த வாடை. தன் கண்ணெதிரே, எதுவும் குடிக்காத ஒருவன் வாயிலிருந்து வந்துகொண்டிருந்தது.

செந்தமிழ்செல்வன் கருவியை நீட்டினார். மற்ற எல்லோருக்கும் மறுபடி சுழியம். இளவரசு ஊதியதும் கருவி கீச்சிட்டது, சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் அதை உதறிப் பார்த்தார், தானே ஊதிப் பார்த்தார், மறுபடி அவனை ஊதச் சொன்னார். மறுபடி சிவப்பு. டாக்டர் மீண்டும் ரத்தம் எடுத்துக் கீழே ஆய்வகத்துக்கு அனுப்பினார்.

கயல்விழி எழுந்து நின்றிருந்தாள். “யாரு… யாரு குடுத்தது?”

“குற்றவாளி இந்த அறைக்குள்ளதான் இருக்கு,” என்றார் சௌந்தரம்.

மணவாளனும் தமிழ்மணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “இருக்குன்னா என்ன மேடம்? இருக்கான்னு சொல்லுங்க,” என்றார் அன்பரசு.

“இல்ல அண்ணே. சரியாத்தான் சொல்றேன். இருக்கு. அது மனுஷன் இல்ல.” அவர் இளவரசுவின் வயிற்றைக் காட்டினார். “கயல்விழி தேடின பாட்டில் இதுதான்.”

சௌந்தரம் நாற்காலியில் சாய்ந்துகொண்டு நிதானமாக ஆரம்பித்தார்.

“நாம சாப்பிடற சோறு வாயிலயே செரிக்க ஆரம்பிச்சுடுது. சோத்தை நல்லா மென்னு பாருங்க, கொஞ்ச நேரத்துல இனிக்கும். எச்சில் மாவைச் சக்கரையா உடைக்குது. அப்புறம் இரைப்பை. அங்க அமிலத்துல போட்டுக் கடைஞ்சு, கூழாக்கி, கொஞ்சம் கொஞ்சமா சிறுகுடலுக்கு அனுப்பும். அங்க கணையத்துலேருந்து வர்ற சாறு மிச்ச மாவையும் சக்கரையாக்கிடும். குடல் சுவரு அந்தச் சக்கரைய உறிஞ்சி ரத்தத்துல சேத்துடும். நமக்குத் தெம்பு வர்றது இப்படித்தான்.”

“இது எல்லாருக்கும் நடக்கறதுதானே?” என்றார் செந்தமிழ்செல்வன்.

“ஆமா. ஆனா குடல்ல நாம மட்டும் குடியிருக்கல. கோடிக்கணக்கான நுண்ணுயிருங்க இருக்கு. பெரும்பாலும் நல்லதுங்க. கொஞ்சம் ஈஸ்டும் ஒரு ஓரமா இருக்கும். நல்லதுங்க எடத்தைப் பிடிச்சுக்கிட்டு இருக்கற வரைக்கும் ஈஸ்டு வாலாட்டாது. இவரு காலுக்கு மாசக்கணக்கா ஆன்டிபயாடிக்கு சாப்ட்டாரு. அது இல்லன்னா காலே இல்ல, அந்த டாக்டருங்க செஞ்சது சரிதான். ஆனா அந்த மருந்து காலுல இருந்த கிருமியோட குடல்ல இருந்த நல்லதுங்களையும் சேத்து அழிச்சிடுச்சு. ஈஸ்டை அது ஒண்ணும் பண்ணாது. காலியான எடத்துல அது பெருகிடுச்சு. ஈஸ்டுக்குச் சக்கரையும் மாவும் கெடைச்சா என்ன பண்ணும்?”

“புளிக்கும்,” என்றான் தமிழ்மணி, சமையல்காரன் என்பதால் சட்டென்று.

“புளிச்சா?”

“சாராயம்…” அவன் குரல் இறங்கிப்போனது.

“அதேதான். சோறு உள்ள போகுது, சாராயமா மாறி ரத்தத்துல கலக்குது. ரத்தம் நுரையீரலுக்குப் போகுது, மூச்சுல வெளிய வருது. மிஷின் பொய் சொல்லல. கயல்விழி மூக்கும் பொய் சொல்லல. இவரும் பொய் சொல்லல.”

அன்பரசு தலையைச் சொறிந்தார். “உங்களுக்கு எப்ப மேடம் தெரிஞ்சது?”

“சந்தேகம் மொத நாளே வந்துச்சு. பொண்டாட்டி இல்லாத வீட்டுல குடிக்காதவன், அவ வந்ததும் குடிக்கறான். இது குடிகாரன் நடந்துக்கற மாதிரியே இல்ல. அப்ப அவ வர்றப்ப வேற என்ன மாறுது? சாப்பாடு. இவரு சுத்தமா இருந்த நாளெல்லாம் வெறும் வயித்து நாளு, இல்லன்னா முட்டை மோரு நாளு. ரெண்டுலயும் மாவு இல்ல. மாட்டினது மூக்கு முட்ட சோறு தின்ன நாளு. காலை ஷிப்டு, மதிய ஷிப்டுங்கறது ஒரு பொருட்டே இல்ல, ஏன்னா மதிய ஷிப்டுலயே ஒரு வாரம் சுத்தமா இருந்திருக்காரு. பிளாஸ்கு டீயும் இல்ல, அது வாசலைத் தாண்டினப்புறம். அரிஷ்டமும் இல்ல, அதோட மூடி காய்ஞ்சு ஒட்டியிருந்துச்சு. அப்புறம் ஒரு வார்த்தை. சாப்ட்டா வயிறு உப்புதுன்னுதான் எல்லாரும் சொல்வாங்க. இவரு பொங்குதுன்னாரு. நான் மாத்திச் சொன்னப்பவும் ஒத்துக்கல. மாவு பொங்கற மாதிரின்னாரு. உள்ள நடக்கறதை அவரு அப்படியே சொல்லியிருக்காரு, நாமதான் கேக்கல.”

கீழேயிருந்து ஆய்வக முடிவு வந்தது. டாக்டர் கனிமொழி படித்துவிட்டுத் தலையசைத்தார். “ரத்தத்துலயும் இருக்கு. காலைல துளிகூட இல்ல. ரொம்ப அபூர்வமான விஷயம், புத்தகத்துல படிச்சிருக்கேன், நேர்ல பாக்கறது இதான் முதல் தடவை. குடல்லேருந்து கொஞ்சம் நீர் எடுத்து, எந்த வகை ஈஸ்ட்டுன்னு பாத்து மருந்து குடுக்கணும். சரியாகிடும்னு நம்பறேன், ஆனா பொறுமையா இருக்கணும். அதுவரைக்கும் பாய்லர் பக்கம் போகக் கூடாது.”

“எனக்கு எழுத்துல குடுங்க டாக்டர்,” என்றார் செந்தமிழ்செல்வன். “விசாரணைய நான் நிறுத்தி வெக்கச் சொல்றேன். சரியாகற வரைக்கும் ஸ்டோர்ல வேலை பாக்கட்டும்.” பிறகு, தயக்கத்தோடு, இளவரசுவின் தோளில் கை வைத்தார். “நான் மிஷினைத்தான் பாத்தேன் தம்பி.”

இளவரசு அதைக் கேட்டானா என்றே தெரியவில்லை. இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தான். தோள்கள் குலுங்கின. அழுகிறான் என்று நினைத்து அருகில் குனிந்த மணவாளன் திகைத்துப் போனான். அவன் சிரித்துக்கொண்டிருந்தான், கண்ணீர் வழிய வழிய.

“எனக்குப் பைத்தியம் இல்ல மச்சான்,” என்றான் குழறலாக. “பைத்தியம் இல்லடா.”

கயல்விழி நின்ற இடத்திலேயே நின்றிருந்தாள். அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது வேறு. திரும்பி வந்த மறுநாள் விடியலில் எழுந்து கிண்டிய சர்க்கரைப் பொங்கல். இளைத்துப்போன மனுஷன் இன்னும் கொஞ்சம் சாப்பிடட்டும் என்று அள்ளி அள்ளிப் போட்ட சோறு.

“நான் போட்டதுதானா?” என்றாள் மெல்ல.

“நீ ஆசையாத்தானே போட்ட,” என்றான் இளவரசு, முகத்தைத் துடைத்துக்கொண்டு. “நானும் ஆசையாத்தான் தின்னேன்.”

அன்பரசு சங்கடப்பட்டு வேறு பக்கம் பார்த்தார். மன்னிப்புக் கேட்பாள், அல்லது அழுவாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

“சோறு கூடாது. இட்லி, தோசை?”

“கூடாதும்மா. அரிசி, கோதுமை, கிழங்கு, இனிப்பு எதுவும் இப்போதைக்கு வேண்டாம்.”

“மீனு?”

“தாராளமா.”

“கீரை? முட்டை? கோழி?”

“எல்லாம் குடுக்கலாம்.”

“தமிழு,” என்றாள் தம்பியிடம், “வூட்டுக்குப் போயி பாப்பாவைக் கூட்டிக்கிட்டு, என் பையையும் எடுத்துட்டு வா. சாயங்கால பஸ்ஸுக்கே நாங்க கடலூரு போறோம். முதுநகர் மார்க்கெட்டுல அந்நேரத்துக்கு என்ன மீனு கெடைக்கும்னு பாக்கணும்.”